பம்ப் ஓடுதுன்னு சொன்ன ஃபோன்

என் அக்கா புருஷனுக்கு ஆபீஸில் வைத்த பெயர் ‘மீட்டர்’. எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். காய்ச்சல் என்று சொன்னால் நெற்றியைத் தொட மாட்டார். தெர்மாமீட்டர் எங்கே என்பார். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, தங்கமான மனுஷன் என்று ஊரே சர்டிபிகேட் கொடுக்கும். கொடுக்கட்டும். ஊரா வந்து என் அக்காவின் முதுகைப் பார்த்தது?

மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அசையாமல் கிடந்தால் சதை அழுகிவிடும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் காற்று மெத்தை வாங்கச் சொன்னார். சின்ன பம்ப் ஒன்று அதில் மாற்றி மாற்றிக் காற்றடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் மெத்தை சப்பிப்போகும். அக்கா வெறும் பலகையில் கிடப்பாள், அது அவள் உடம்புக்குத் தெரியவும் தெரியாது.

பம்ப் ஓடுகிறதா என்று ஆபீஸிலிருந்தே பார்ப்பதற்காக மீட்டர் ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கி சுவருக்கும் பம்புக்கும் நடுவில் மாட்டினார்; பம்ப் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அது ஃபோனில் காட்டும். கம்பெனிக்காரன் போட்டிருந்த மென்பொருள் வீட்டு விவரத்தை எங்கேயோ அனுப்புகிறதாம். அதை அழித்துவிட்டு இன்டர்நெட்டில் கிடைத்த வேறொன்றை ஏற்றி, தன் இஷ்டத்துக்குத் திருத்தினார். அன்றைக்குப் பிடித்தது சனி. ‘பம்ப் நின்றது, பம்ப் நின்றது’ என்று மீட்டிங் நடுவில் ஃபோன் அலறி மானத்தை வாங்கியது. பாதி பொய் அலாரம். ஒரு வாரம் உட்கார்ந்து நோண்டினார். “சரி பண்ணிட்டேன், இனிமே வாயே திறக்காது” என்றார். திறக்கவும் இல்லை.

குளிப்பாட்டிவிட வைத்திருந்த வேலைக்கார அம்மா காலையில் வந்து போனபின் அக்கா தனியாகத்தான் கிடப்பாள். மத்தியானம் ஃபோன் போடுவாள்.

“என்னங்க, பம்ப் நின்னுடுச்சு.”

“பாத்துட்டுத்தான் இருக்கேன். ஏழு வாட் ஓடுது.”

“சத்தமே வரலைங்க.”

“ஃபேன் சத்தத்துல உனக்குக் கேக்கல. பேசாம தூங்கு.”

சாயங்காலம் அவர் உள்ளே வரும்போது பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். “பாத்தியா?” என்பார். “எனக்குத்தான் காது மந்தமாயிடுச்சோ என்னமோடா” என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு மத்தியானமே போனேன். மெத்தை வெறும் துணியாகக் கிடந்தது. அடியில் கையை விட்டால் பலகை. எனக்கு வந்ததே ஆத்திரம்! பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு பம்பை நேராகச் சுவரில் சொருகினேன். உடனே ஓடியது. உடனே ஃபோனும் வந்தது.

“பிளக்கையே ஃபோன்ல காணோம். யாரு கை வச்சது?”

“நான்தான் மாமா. பம்ப் நின்னு கிடந்துச்சு.”

“நீ புடுங்கினா நிக்காம என்ன செய்யும்?”

“அதுக்கு முன்னாடியே நின்னிருந்துச்சு. சுவத்துலயே நேரா இருக்கட்டும், விட்டுடுங்க.”

“அப்புறம் ஓடுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“மேலேயே ஒருத்தி படுத்திருக்காளே, அவகிட்ட கேளுங்க!”

வந்ததும் முதல் வேலையாகப் பிளக்கை மறுபடி மாட்டினார்.

அந்த மாதமே, புரட்டிப் படுக்கவைத்த குளிப்பாட்டும் அம்மா வீறிட்டாள். முதுகின் அடியில் கறுத்துக் குழிந்து புண். ஆஸ்பத்திரியில் அழுகியதை வெட்டி எடுத்தார்கள், எலும்பு தெரிந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

அப்போதுதான் மீட்டர் ஓடி வந்தார், முகமெல்லாம் பல்லாக.

“கண்டுபிடிச்சிட்டேன்! வைஃபை விட்டுப்போனா பிளக் தானா அணைஞ்சு எழுந்திரிக்குது. எழுந்ததும் பம்புக்குக் கரண்ட் குடுக்காம நிக்குது. ஜீரோன்னு வந்தா தப்பான அளவுன்னு தள்ளிட்டு, பழைய அளவையே காட்டச் சொல்லி நான்தான் எழுதியிருந்தேன். அதான் அலாரமும் வரல.”

“நீங்க வரும்போது மட்டும் ஓடுமே?” என்றேன்.

“என் ஃபோன் வாசலுக்கு வந்தா வீட்டுல லைட்டு, ஃபேன் எல்லாம் ஆன் ஆகும்ல? அந்தக் கூட்டத்துல பம்ப்பும் மாட்டியிருக்கு!”

அக்கா கண்ணைத் திறந்தாள். “அப்போ நான் சொன்னது நிஜந்தானே?”

“ஆமா. நானே செஞ்சு பாத்துட்டேன்ல, நீ சொன்ன மாதிரியேதான் வருது. இப்ப நம்பறேன்.”

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, இவரை வெளியே போகச் சொல்லு. இனிமே உள்ள விடாத.”

காய்ச்சலில் உளறுகிறாள் என்றார் மீட்டர். நான் அவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டேன். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. அவரைக் கூப்பிடட்டுமா அக்கா என்று இரண்டு தரம் கேட்டேன்; மாட்டேன் என்று தலையாட்டினாள். மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது அவர் கதவைத் தட்டினார். கெஞ்சினார், அழுதார். நிஜமாகவே அழுதார். நான் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன், எல்லாம் முடிகிறவரை. கல்நெஞ்சக்காரன் என்று சொந்தபந்தமெல்லாம் இன்றும் என்னைத் திட்டுகிறது. திட்டட்டும். அவள் பேச்சை ஒரு தடவையாவது யாராவது கேட்க வேண்டாமா?