ஸ்பிறிங்கில் ஒட்டிய திருநீறு

ஊர்ப் பெடியன் பேனாட்டை அந்தக் கராஜில் சேர்த்துவிட்டதே இரத்தினவேல்தான். அதை நினைக்க நினைக்கத்தான் அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

வீடிருந்த மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி, எட்டு மாரிகாலம் அந்த ஸ்னோமொபைல் கராஜுக்குப் போய்வந்தவர் அவர். ஊரில் மோட்டார் சைக்கிள் திருத்திய கை. பனியில் ஓடும் வண்டியை முதன்முதலாகக் கண்டபோது சக்கரத்தைத் தேடியவர், தொண்ணூற்றாறாம் ஆண்டளவில் பின்பக்க ஸ்பிறிங் வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை என்ற நிலைக்கு வந்திருந்தார். ஓடுகிறவரின் நிறையைக் கேட்பார். சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்ப்பார். ஸ்பிறிங்கைத் தாங்கும் கட்டையை அந்த நிறைக்குரிய படிக்குத் திருப்பிவிடுவார்; படி கூடக்கூட ஸ்பிறிங் இறுகும். முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் திருநீறு எடுத்து ஸ்பிறிங்கில் ஒரு தீற்றல். அது இல்லாமல் ஒரு வண்டியும் அவர் கையை விட்டுப் போனதில்லை.

பேனாட் வந்து இரண்டு வருடம்தான். அவனுக்கு அட்டவணை போதாது. வந்தவரைத் தடித்த ஜக்கெட், சப்பாத்து, ஹெல்மெட் எல்லாம் போடவைத்து வண்டியில் இருத்தி, பின்பக்க வால் எத்தனை அங்குலம் பதிகிறது என்று நாடா பிடித்து அளப்பான். இருந்தபடி ஓடுவீர்களா, மேடு பள்ளத்தில் எழும்பி நிற்பீர்களா, பின்னால் மனைவி வருவாவா என்று கேட்பான். கலியாணம் பேச வந்தவன்மாதிரிக் குலம் கோத்திரம் விசாரிக்கிறான் என்று இரத்தினவேல் நக்கலடித்தார். நக்கல் எடுபடவில்லை. முன்பு "ரட்ணா எங்கே" என்று கேட்டு வந்த வெள்ளைக்காரர்கள் இப்போது "பேனாட் நிற்கிறானா" என்றார்கள்.

அந்தத் தை மாதம் ஒரு ஸ்னோமொபைல் கிளப்பின் தலைவர் தன் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். திருத்திய விதம் அவருக்குப் பிடித்துக்கொண்டால் கிளப்பின் பன்னிரண்டு வண்டிகளும் வரும். அந்த வேலையைச் செய்பவனுக்கு ஹீற்றர் உள்ள உள்ளறை மேசையும், ஸ்பிறிங் பகுதிக்குப் பொறுப்பும் என்று முதலாளி சொல்லியிருந்தார். வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் வந்து முழங்காலைக் குத்தும் இடத்தில் எட்டு வருடம் நின்றவருக்கு அந்த மேசை தனக்கென்றே பட்டது. முதலாளி வண்டியைப் பேனாட்டிடம் கொடுத்தார்.

மத்தியானம் பேனாட் சாப்பிடப் போன நேரம் இரத்தினவேல் குனிந்து பார்த்தார். கட்டை மூன்றாம் படியில் இருந்தது. அந்த நிறைக்கு அட்டவணை சொன்னது முதலாம் படி. புத்தகத்தில் உள்ளதைத்தானே செய்கிறேன் என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அது பொய் என்று அவருக்கே தெரியும். வாலில் பெற்றோல் கானும் ஸ்பானர்கள் நிறைந்த ஆயுதப் பையும் கட்டிக்கொண்டு மேட்டுக்கு மேட்டுப் பாய்வேன் என்று அந்த மனிதர் சொன்னதைக் காதாரக் கேட்டிருந்தார். கட்டையை முதலாம் படிக்குத் திருப்பி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் தன் இடத்துக்குப் போனார்.

பின்னேரம் தலைவர் முழு உடுப்போடு வந்து, பெற்றோல் கானையும் பையையும் வாலில் கட்டி, வண்டியில் ஏறி இரண்டு தரம் குதித்தார். வால் பொத்தென்று கீழே போய் அடித்தது. உதுவா நீ புகழ்ந்த ஆள் என்பதுபோல அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளியின் முகம் சிவந்தது. இரத்தினவேலின் நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி பேனாட் ரோர்ச்சோடு முழங்காலூன்றிக் குனியும்வரைதான் நின்றது.

வெளிச்சம் ஸ்பிறிங்கில் விழுந்தது. கட்டை முதலாம் படியில். பக்கத்தில் வெள்ளையாய், விரல் அகலத்தில், திருநீறு. இரத்தினவேலின் கை பழக்கதோஷத்தில் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. பேனாட்டோ மாதா கோயிலுக்குப் போகிறவன்.

பேனாட் நிமிர்ந்து இரத்தினவேலை ஒருக்காப் பார்த்தான். பிறகு இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து ஸ்பிறிங்கைத் துடைத்தான். பிழை தன்னுடையதுதான், பத்து நிமிடத்தில் சரிசெய்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னான். முதலாளி தலைவரைச் சமாதானப்படுத்தி, அந்த இடத்திலேயே பன்னிரண்டு வண்டிகளையும் உள்ளறை மேசையையும் இரத்தினவேலுக்கு மாற்றினார்.

கேட்டது கிடைத்துவிட்டது. இரத்தினவேல் பேனாட்டிடம் போய், ஏன் துடைத்தாய் என்று மெல்லக் கேட்டார்.

"என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தது நீங்கள்தானே, அண்ணை," என்றான் அவன், நிமிராமலே. "இனி என்ர வண்டிக்குப் பூசுறதெண்டா ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் பூசுங்கோ."

அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். முதலாளியிடம் காட்டிக்கொடுத்திருந்தால் இன்னும் நல்லது, ஆயுள் முழுக்க அவனைப் பகைக்கலாம். வேலையிலும் மேல், இப்போது குணத்திலுமா? முன்பு எரிந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்னும்படி இரத்தினவேலுக்கு எரிந்தது.

அவர் நேரே முதலாளியிடம் போனார். கட்டையைத் திருப்பியது தான்தான் என்று உடைந்த இங்கிலீசில் இரண்டு தரம் சொன்னார். நல்லவன் என்ற பெயரையும் அவனுக்குத் தனியாக விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்த மாரி முழுக்க அவர் வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார்.