நான் நிலாவாக நடந்த நாள்

அக்கா பத்தாவது படித்த வருடம், கொல்லிமலையில் எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அவள் நிலாவை எடுத்துக்கொண்டாள். நான் அப்போது நான்காவது. அப்பாவுக்கு மலையில் ஆபீஸ் வேலை. அவருடைய செல்போனில் அக்கா தேடித் தேடிப் படித்து, நிலா ஏன் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்பதைத் தெரிந்துகொண்டிருந்தாள். ஒரு காலத்தில் அது வேகமாகச் சுழன்றதாம். பூமி இழுத்த இழுப்பில் அதன் பாறையே லேசாகப் புடைத்து, அந்தப் புடைப்பைப் பூமி விடாமல் பிடித்திழுக்க, சுழற்சி தளர்ந்து, பூமியை ஒருமுறை சுற்றி வருவதற்குள் தானும் ஒரே ஒருமுறை சுழல்வதில் வந்து நின்றுவிட்டதாம். தன் சூரியனை மிக ஒட்டிச் சுற்றும் பாறைக் கோள்களுக்கும் இதே கதி வரலாம், ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் விடியவே விடியாது என்பாள்.

இதைக் காட்ட நான்தான் நிலா. நடுவில் நிற்கும் அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே அவளைச் சுற்றி வர வேண்டும். அவளுக்குப் பின்னால் கரும்பலகை, ஜன்னல், அலமாரி, கதவு என்று வகுப்பறையின் நாலு பக்கமும் எனக்குத் தெரிந்துவிடும். அப்படியென்றால் நானும் ஒருமுறை சுழன்றிருக்கிறேன். கேட்டால் அந்த நாலையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கண்காட்சியன்று காலை என் தோழிகள் முன்னால் அவள் என்னை மக்கு என்று சொல்லிவிட்டாள்.

மாவட்டத்துக்குத் தேர்வு செய்ய வந்த சார், ஒரே முகம் தெரிகிறதென்றால் நிலா சுழலவே இல்லை என்றுதானே அர்த்தம் என்றார். அக்கா சிரித்துக்கொண்டே என்னைச் சுற்ற வைத்தாள்.

“என்னென்ன தெரிஞ்சுது, சாருக்குச் சொல்லு கண்ணு.”

“அக்கா மூஞ்சி மட்டுந்தாங்க சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சாக்பீஸை எடுத்து விளக்கத் தொடங்குவதற்குள் சார் அடுத்த மேசையிலிருந்த மழைநீர்த் தொட்டிக்குப் போய்விட்டார். மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்வானது அந்தத் தொட்டிதான்.

சாயங்காலம் அப்பா விசாரித்தபோது, காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று பயந்து கதவோரம் நின்றேன். அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை.

“எனக்குத்தான் சரியாச் சொல்ல வரலீங்கப்பா.”

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் போட்டார். மாவட்டம் வரை போனால் நாமக்கல்லில் விடுதியில் சேர்த்து அறிவியல் படிக்க வைப்பதாக அவர் அக்காவிடம் சொல்லியிருந்ததும், அந்தத் தாள் விடுதி விண்ணப்பம் என்பதும், அவள் முள்ளுக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்ப் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தத் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது என்பதுதான். படம் வரையக் கேட்டேன். அப்பா கொடுத்துவிட்டார். அக்காவே பென்சிலைச் சீவித் தந்தாள்.