முன்விளக்கு வைக்காத கார்

முதலில் போட்ட திட்டம் ரொம்பச் சாதுவானது. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்று. கோயம்புத்தூரிலிருந்து இரும்புக் குழாய்ச் சட்டமும் ஃபைபர் உடம்பும் லாரியில் வரும். இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரம் எல்லாவற்றையும் நாமே தேடிப் பிடித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் மனதில் வைத்திருந்தது ஒரு பழைய சின்னக் காரின் எண்ணூறு சிசி இன்ஜின். "முப்பத்தஞ்சு குதிர மதி, அது போதும், கேட்டியா. நாம என்ன பந்தயத்துக்கா போறோம்? கடலப் பாத்துக்கிட்டே மெதுவாப் போகணும், அவ்வளவுதான்" என்றார். ஐம்பது வயதில் மனுஷனுக்கு ஒரு பொம்மை வேண்டியிருக்கிறது, குடித்துக் கெடுவதற்கு இரும்பில் கெடட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைவீதியான ஆரியசாலையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் குடோன். வருஷக்கணக்காக அங்கே வாடகைக்கு இருந்த மிளகாய் மொத்த வியாபாரி அப்போதுதான் காலி செய்துகொண்டு போயிருந்தார். சரக்கில் ஈரம் ஏறக்கூடாது என்று ஜன்னலே வைக்காமல் கட்டிய அறை அது. கழுவித் துடைத்து வெள்ளையடித்தும் நெடி போகவில்லை. சுவரைக் கொஞ்சம் ஓங்கித் தட்டினால் தும்மல் வந்துவிடும். அங்கேதான் கார் வந்து இறங்கியது. அவர் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கட்டட வரைபடம் போடுகிறவர், நான் கணக்கு டீச்சர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் கீழே இறங்கிவிடுவார், காப்பியும் கீழேதான்.

கண் எரிகிறது என்றார். தண்ணீராகக் கொட்டுகிறது என்றார். பக்கத்தில் வைத்த ஸ்பேனர் கைக்குத் தட்டுப்பட மாட்டேன் என்கிறது என்றார். எல்லாவற்றுக்கும் மிளகாய்தான் காரணம் என்று அவர் சொல்ல, நானும் நம்பினேன். மிளகாய்க் குடோனுக்கு மேலே குடியிருக்கிறவர்கள் வேறு எதை நம்புவார்கள்? சாலையில் பாதிக் கடைக்காரர்கள் வைத்தியம் சொன்னார்கள். விளக்கெண்ணெய் விட்டோம், இளநீரில் கழுவினோம். ஒருநாள் மாடிப்படியில் கால் தவறி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். அதற்கும் மிளகாயைத்தான் திட்டினோம். இப்படியே ஒரு வருஷத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்டு, அப்புறம்தான் கண் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறது என்றார். முதலில் இருட்டில் தெரியாமல் போகும், பிறகு பக்கப் பார்வை போகும், கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகும், அதுவும் நிலைக்காது. மருந்து கிடையாது. இன்றிலிருந்து வண்டி ஓட்டக் கூடாது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர், "அந்த அம்மா நம்ம குடோன்ல ஒரு நாள் நின்னு பாக்கணும், அப்பத் தெரியும்" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எடுக்க எங்கள் இரண்டு பேரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த வாரமே எண்ணூறு சிசி போதாது என்று முடிவாகிவிட்டது.

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பயத்தை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். கார் முடிந்தால் அவர் ஓட்டாமல் இருக்க மாட்டார். ஓட்டினால் திரும்பி வர மாட்டார். இதை வைத்துக்கொண்டுதான் மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் பின்னம் நடத்தினேன்.

நாகர்கோவில்காரர் ஒருவர் விபத்தில் நசுங்கிய கார்களை வாங்கிப் பிரித்து விற்பவர். அவரிடமிருந்து ஆயிரத்து இருநூறு சிசி இன்ஜின் வந்தது. எண்பது குதிரை. அது பழைய இடத்தில் உட்காராது என்று சட்டத்தை அறுத்து மறுபடி வெல்டு வைத்தார்கள். இன்ஜின் பெரிதானால் ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், பிரேக் மாற வேண்டும், எல்லாம் சேர்ந்து எடை கூடும். எடை கூடினால் இன்னும் குதிரை வேண்டும். "எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டால், "முதுகுல தள்ளணும்ட்டி. சீட்டோட சேத்து ஒரு தள்ளு. அப்பத்தான் போற மாதிரி இருக்கும்" என்பார். வேகத்தைக் கண்ணால் பார்க்கிறவர்கள் முதுகைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டும் வந்தது. முன்கண்ணாடி வேண்டாம், காற்று முகத்தில் அடிக்கட்டும் என்றார். பக்கக் கண்ணாடிகளைப் பொட்டலம் பிரிக்காமலே பரணில் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கீழே இறங்கியபோது முன்விளக்குக்கான இரண்டு ஓட்டைகளையும் ஃபைபர் வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு வழுவழுவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். "இத ரோட்டுல ஓட்ட எப்படியும் பெர்மிஷன் தர மாட்டான். ரோட்டுக்குப் போகாத வண்டிக்கு லைட் எதுக்கு?" என்றார். சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த வண்டியின் முகத்தில் கண்ணே இல்லை. அவர் உள்ளங்கையால் அதைத் தடவித் தடவி, கண் இருந்த இடம் மேடா பள்ளமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நான் அந்த வண்டிக்கு முன்பக்கம் நிற்பதில்லை.

அளவுகளை வாசிக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. "நீதான கணக்கு டீச்சர், வாசி" என்று அளவுகோலை நீட்டுவார். சொன்னதையே நாலு தடவை சொல்ல வைப்பார். ஒரு புள்ளி தப்பக் கூடாது. போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். பார்த்த உடனே, இது முறுக்கியாயிற்று என்று தெரிந்துவிடும். என் சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கியபோது வேலைக்காரியைச் சந்தேகப்பட்டேன். ஒருநாள் இன்ஜின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தால், போல்ட்டுக்குப் போல்ட்டு சிவப்புச் சொட்டு. தொட்டுப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து பூச்சு பூசி, மருபோல மேடாக்கி வைத்திருந்தார். "என்னத்துக்கு என் பாலிஷ எடுக்கிய?" என்று கேட்டேன். "பெயிண்ட் தீந்துட்டு" என்றார். பெயிண்ட் டப்பா பக்கத்திலேயே பாதிக்கு மேல் இருந்தது. நான் மூடியைப் போட்டு அழுத்தி வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

பிறகு ஜூன் மாதத்து இடவப்பாதி மழை. பட்டப்பகலிலேயே வானம் இருண்டு கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரண்டு போனது. கீழே அவர் தனியாக இருக்கிறாரே என்று எமர்ஜென்சி விளக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். ராட்செட் ஸ்பேனர் கறகறவென்று திரும்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறையில், சொந்தக் கையே தெரியாத இருட்டில், கறகற, கொஞ்சம் இடைவெளி, மறுபடி கறகற. கரண்டு போன நேரத்தில் அது ஒரு கணம்கூட நிற்கவில்லை என்பதை மேலே இருந்தபோதே என் காது கேட்டிருந்தது, மனதுதான் வாங்கவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டும் இருந்தார், சந்தோஷமாக இருக்கும்போது முணுமுணுப்பாரே அந்த மாதிரி.

விளக்கைப் போடாமலே, "கரண்டு போயிட்டு" என்றேன்.

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.

"ஆமா, போயிட்டு" என்றார்.

நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. தெரியும் என்பதுபோலச் சொல்ல அவருக்கு அந்தக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. நான் விளக்கைப் போடாமலே மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுச் சோற்றுக்கு உலை வைத்தேன். அரிசி பாதி கீழே சிந்தியது.

அடுத்ததாக, என் சீட்டைக் கழற்றினார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கிறேன், அது சுவரில் சாய்ந்து நிற்கிறது. அது இருந்த இடத்தில் அலுமினியத் தகடு. "எட கொறைக்கணும்ட்டி" என்றார். எனக்குக் கோபம் வந்தால் ஏழு வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்குக் கத்தத் தோன்றவில்லை. தனியாகப் போவதற்கு மனுஷன் தயாராகிவிட்டார் என்று புரிந்ததும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் ஏறாத வண்டி இந்த வாசலத் தாண்டாது" என்றேன்.

"ஒன் எடைக்கு இன்னும் முப்பது குதிர வேணும்."

"வையுங்க. அறுபது வேணும்னாலும் வையுங்க. என் சீட்டப் பூட்டுங்க."

டர்போ வந்தது அப்படித்தான். நூற்றைம்பது குதிரை. மூன்று வருஷமாக ஒவ்வொரு குதிரைக்கும் சண்டை போட்டவள், கடைசியில் நானே கேட்டு வாங்கினேன். அந்த டர்போ இன்ஜினோடு சேர்ந்து ஒரு சீட்டிச் சத்தம் போடும். மாடியில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, யாரோ பல்லிடுக்கில் மெல்லச் சீட்டியடித்துக்கொண்டு படியேறி வருகிற மாதிரி கேட்கும். இன்ஜினை அலற விட்டால் சுவர் வெடிப்பிலிருந்து பழைய மிளகாய்த் தூள் கிளம்பும். அண்டை வீடுகளில் வரிசையாகத் தும்முவார்கள். சிரிப்பு வர வேண்டிய விஷயம்தான், எனக்கு வரவில்லை.

முதல் தடவை ஸ்டார்ட் செய்ய வந்த நாகர்கோவில்காரர், போகும்போது என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டார். "எக்கா, சாரு என்கிட்டப் பேசும்போது எனக்க தோளுக்கு அந்தாண்டல்லா பாக்காரு. இந்த வண்டிய ஆரு ஓட்டப் போறது?" என்றார்.

"அவருதான்" என்றேன்.

நாகர்கோவில்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர்தான், அப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. கேட்ட சாமானை ஆட்டோவில் அனுப்பிவிடுவார்.

போத்தன்கோட்டுக்கு அப்பால், வில்லா கட்டி விற்பதாகத் தொடங்கிப் பாதியில் விட்ட இடம் ஒன்று இருந்தது. மனைச் சொந்தக்காரரிடம் கேட்டு என் வீட்டுக்காரர் ஒரு காலைநேரத்துக்கு அனுமதி வாங்கினார். மினி லாரியில் காரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். நேராக ஒரு தார் ரோடு. இரண்டு பக்கமும் விளக்குக் கம்பங்கள், பல்பு கிடையாது. புல்லுக்குள் மனை எண் போட்ட கற்கள். வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. ரோட்டின் முடிவில் ஆளுயரத்துக்கு மதில். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் ஒரு பறவைச் சத்தம் இல்லை. லாரி டிரைவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். தடுத்தால், உங்களுக்குக் கண் தெரியாது என்று சொல்ல வேண்டும். அதை என் வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய் மதிலில் மோதுவது அதைவிடச் சுலபமாகத் தோன்றியது. என் பெல்ட்டை நானே மாட்டிக்கொண்டேன்.

"நீ சும்மா வழியச் சொல்லிக்கிட்டு வா. வெறுதே ஒரு பேச்சுக்கு" என்றார். எதுவும் நடக்காததுபோல, பேச்சுத்துணைக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

கிளம்பினோம். நேரே என்றேன். நேரே, நேரே, கொஞ்சம் எடது, மதி, நேரே. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிப் போடுகிற அதே குரல் எனக்கு வந்தது. சீட்டி ஏறியது. காற்று முகத்தில் அறைந்தது. அவர் இமைக்கவே இல்லை. திறந்த கண்களிலிருந்து தண்ணீர் பக்கவாட்டில் காதுவரை ஓடியது. ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தபோது வாய் மட்டும் அந்தச் சிரிப்பிலேயே இருந்தது, ஆளைக் காணோம். பல்பில்லாத கம்பங்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் பின்னால் போயின. பக்கத்தில் இருப்பவர் என் வீட்டுக்காரர்தானா என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

"செவரு வருது" என்றேன்.

உடனே பிரேக்கை மிதித்தார். மதிலுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. வண்டி நின்ற பிறகும் அவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை. சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

"எத்தன தொட்டுச்சு?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "நூத்தி இருபது இருக்காது?"

வழியைச் சொன்னாலும் என் ஒரு கண் மீட்டரில்தான் இருந்தது. முள் நாற்பதைத் தாண்டவே இல்லை. நூறு என்று சொல்லியிருக்கலாம். நூற்றுப்பத்து என்றிருக்கலாம். ஆனால் மூன்று வருஷமாக அவருக்கு ஒரு புள்ளி பிசகாமல் வாசித்துக் கொடுத்த வாய் இது.

"நாப்பது" என்றேன்.

என் பக்கம் திரும்பினார். என் தோளுக்கு அப்பால் எங்கேயோ பார்த்தார்.

"நாப்பதா?" என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "நாப்பதுக்கே இவ்வளவு இருட்டா இருக்கேட்டி" என்றார்.

சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். "அந்த டர்போவக் கழத்திக் குடுத்துருவோம். பெரிய இன்ஜின் வேண்டாம். எந்த இன்ஜினும் வேண்டாம்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை கோயிலில் தேங்காய் உடைத்திருக்கிறேன். அது வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. இல்லை, இன்னும் பெரிதாக வைக்கலாம், இருநூறு குதிரை வைக்கலாம், நான் போய்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்று அந்த வெற்று ரோட்டில் கத்திக்கொண்டே இருந்தேன். அவர் என் கையைத் தேடிக்கொண்டிருந்தார்.