மேகத்துக்குள் போன பல் டாக்டர்

பல் டாக்டரிடம் ஒரு விமானம் இருந்தது. ஒற்றை எஞ்சின், நான்கு பேர் உட்காரலாம். அவரைவிட வயதில் மூத்தது. வெயிலடித்தால் நன்றாகப் பறக்கும். மேகத்துக்குள் மட்டும் போகக்கூடாது. அங்கே எது மேல், எது கீழ் என்று கண்ணுக்குத் தெரியாது. அதைச் சொல்ல நம்பகமான கருவிகளும் அதில் இல்லை.

ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனபோது மேகம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. டாக்டரால் வியாழக்கிழமைதான் திரும்ப முடிந்தது. அதுவரை பாதி குடைந்த பல்லோடு ஒருவர் தினமும் கிளினிக் வரை வந்து போனார். அவர் திட்டவில்லை. வாயைத் திறந்தால் காற்றுப் பட்டு வலித்தது.

கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும்படி விமானத்தை மாற்றிவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார்.

"மேகத்தை வெளிய இருந்து பார்த்தா போதாதா? உள்ள போய் என்ன பாக்கப்போற?" என்றார் கணவர்.

"உள்ள ஒண்ணும் தெரியாது."



மெக்கானிக் முன்பலகையைக் கழற்றினார். பின்னால் கொத்துக்கொத்தாக ஒயர்.

"டாக்டர், இந்த ஒயர் எங்கிருந்து வருதுன்னும் தெரியல, எங்க போகுதுன்னும் தெரியல. பிடுங்கினா வால் லைட் அணையுது."

"வேரோட எடுத்திடுங்க," என்றார் டாக்டர்.

இறக்கை சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் திரை வந்தது. அது கெட்டால் பார்க்க இன்னொரு சின்னத் திரை, புது ரேடியோ, வேகம் அளக்கும் குழாயில் பனி உறையாமலிருக்க ஒரு ஹீட்டர். சோதிக்க வந்த அதிகாரி எல்லாவற்றையும் குடைந்து பார்த்துவிட்டு, கதவுக் கைப்பிடி லூஸ் என்று மட்டும் சொன்னார். டாக்டரும், ஜன்னலுக்கு வெளியே தெரியாமல் கருவிகள் மட்டும் தெரியும்படி கண்ணை மறைக்கும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பயிற்சியாளர் பக்கத்திலிருக்க மாதக்கணக்கில் ஓட்டிப் பழகிப் பரீட்சை தேறினார்.

தங்கை கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பார்த்துக்கொள்ள ஆளில்லை. அன்று வானம் சாம்பலாகக் கிடந்தது. மச்சினிக்கு ஆபரேஷன், போகாவிட்டால் நன்றாயிருக்காது என்று கணவரும் ஏறிக்கொண்டார்.

மலைக்கு மேல் ஜன்னலெல்லாம் வெள்ளையானது. சற்று நேரத்தில், விமானம் வலப்பக்கம் சாய்கிறது என்று டாக்டரின் உடம்பு அடித்துச் சொன்னது. திரை, நேராக இருக்கிறது என்றது. சின்னத் திரையும் அதையே சொன்னது. பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர்.

"ஏன் இடது பக்கம் சாஞ்சு உட்கார்ந்திருக்க?" என்றார் கணவர்.

"நான் நேராத்தான் இருக்கேன்."

"தலை ஜன்னல்ல இடிக்குதே."

இடித்துக்கொண்டுதான் இருந்தது. இடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினார். ரேடியோவில் சொன்ன உயரத்துக்கு இறங்கினார். மேகம் விலகியபோது மழைத் தூறலில் ஓடுபாதை விளக்குகள் நேர் எதிரே எரிந்தன.

இறங்கியதும் கணவர் காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தத் திரை சொன்னபடி நீ கேட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"அது திருப்பிப் பேசாது," என்றார் டாக்டர்.

தங்கை ஒரு கண்ணில் கட்டோடு கதவைத் திறந்தாள்.

"என்னக்கா, இந்த மழையில நீ எங்க வரப்போறேன்னு உன் கட்டில் முழுக்கத் துணி காயப்போட்டுட்டேனே!"

டாக்டரும் கணவரும் ஈரத் துணிகளை எடுத்து நாற்காலிகளின் முதுகில் விரித்தார்கள்.