திருவிருந்துக்கு வைத்திருந்த திராட்சரசம்

என் மனைவி எஸ்தரைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான்தான். அதை மறைத்தால் இது பாதிச் சாட்சியாகிவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இரும்புலியூர்க்காரர்கள். சென்ற ஆண்டு மே மாதம் கன்னியாகுமரிக்குக் காரில் கிளம்பி, முதல் நாள் மதுரையில் தங்கினோம். மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் மதியம் வரை உபவாசம் என்பது எங்கள் வீட்டில் நான் போட்ட சட்டம். சபைக் கமிட்டியில் இருப்பவன் அல்லவா, எனக்கு அந்த வீறாப்பு கொஞ்சம் அதிகம். எஸ்தருக்கோ சர்க்கரை நோய்.

காரில் ஏறியதும் அவள் சொன்னாள்: "ஏங்க, வெள்ளிக்கிழமைன்னு ஞாபகமே இல்ல. இன்சுலின் போட்டுட்டேன். சாப்பிடலேன்னா சக்கரை ரொம்ப இறங்கிடும். ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுக்கறேனே."

"கர்த்தர் பாத்துக்குவாரு. பேசாம வா."

தூத்துக்குடி தாண்டியதும், தேரிக்காட்டைப் பார்க்கும் ஆசையில் வண்டியைத் திருப்பினேன். கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணல். நடுவே ஒரு குட்டி ஊர். இருபது வீடு இருக்கும், அநேகமாக எல்லாவற்றிலும் பூட்டு. அங்கே எஸ்தருக்கு வாய் குழறியது. புடவை நனைய வேர்த்தது. என்னை யாரென்றே தெரியாமல் பார்த்தாள். போனில் டவர் இல்லை. பதறிப்போய் வண்டியைத் திருப்பினேன், சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. அதற்குள் அவள் கண் செருகிச் சாய்ந்துவிட்டாள்.

சுடுமணலில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, என் பிடிவாதத்துக்காக இவளை எடுத்துக்கொள்ளாதேயும்." அவ்வளவுதான் வந்தது.

இன்ஜின் சத்தம் கேட்டு ஒரு அம்மா ஓடிவந்தார். ஊரில் மிச்சமிருந்த மூன்று பேரில் ஒருவர். அங்குள்ள சின்ன ஆலயத்தைப் பெருக்கிப் பூட்டுகிறவர்.

"சக்கரை இருக்காம்மா?" என்றேன்.

"எனக்கும் இதே நோவுதான்யா. வீட்ல சீனியே வாங்குறதில்ல."

முடிந்தது என்றே நினைத்தேன். அவர் ஒரு நிமிஷம் ஆலயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அந்த ஊருக்குப் போதகர் வருவாராம். வருகிற ஞாயிறு, ஆண்டவருடைய பந்தியாக அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கென்று அவர் சீனி போட்டுக் காய்ச்சிக் கொடுத்தனுப்பியிருந்த திராட்சரசம் அது.

"அம்மா, அது திருவிருந்துக்கு..." அப்போதும் என் வாயில் சட்டம்தான் வந்தது.

"தலையத் தூக்கிப் பிடிங்க."

கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனால் புகட்டினார். முதலில் கடைவாயில் வழிந்தது. அப்புறம் விழுங்கினாள். வெகுநேரம் கழித்து எஸ்தர் கண்ணைத் திறந்து, "பசிக்குதுங்க" என்றாள். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

ஊரிலிருந்த மற்ற இருவரும் வந்து மணலை வாரி வண்டியைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். எஸ்தர் பிழைத்தாள். ஆனால் இன்றும் சில நேரம் தெரிந்தவர்களின் பெயர் அவள் நாவில் வருவதில்லை. அவள் தேடுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குக் கொடுமை.

பிறகு போய்ப் பார்த்தபோது, அந்த ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "வெறும் அப்பந்தான்யா. அது போதும்னு போதகரு சொல்லிட்டாரு" என்றார்.

கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன். உபவாசம் இருக்கிறேன், ஆனால் நான் மட்டும். ஆண்டவரை நம்புங்கள், தைரியமாகக் கேளுங்கள். அவர் பெயரைச் சொல்லி அடுத்தவர் வயிற்றைக் காயப்போடாதீர்கள். அன்று நான் பட்டினி கிடந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எஸ்தருக்குத்தான் முதலில் ஊட்டினார், அதுவும் தம்முடைய பந்தியிலிருந்து எடுத்து.