லோகு அண்ணனின் சீமை அத்தி

டோல்கேட் சிக்னலில் பேருந்து நின்றிருந்தபோது போன் வந்தது. எதிர்வீட்டு லோகு அண்ணனின் மகள். “அத்தே, நைனா பூட்டாரு” என்றாள். ஐயோ, இன்னும் அவரோடு பேசவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. இறங்கி வியாசர்பாடியில் எங்கள் வீடு வரை அழுதுகொண்டே நடந்தேன்.

அவர் வளர்த்த சீமை அத்தி நம் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியபோது கூட்டாளி ஒருவர் கொடுத்த ஒரு சாண் குச்சியைப் பெயின்ட் வாளியில் நட்டார். வேர் வாளியை உடைத்துக்கொண்டு மண்ணுக்குள் போனது. பழுத்தால் முதல் கிண்ணம் எனக்குத்தான். “மூஞ்சப் பாரு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது. ரத்தமே இல்ல. துன்னு தங்கச்சி” என்பார். நானும் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பியதில்லை. சுண்டலோ, ஒரு கை சர்க்கரையோ போட்டுத்தான் அனுப்புவேன்.

போன மழையில் அந்த வேர் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்துவிட்டது. கழிவுநீர் எங்கள் கூடம் வரை ஏறியது. சர்க்கரை வியாதியில் கால்புண் ஆறாமல் படுத்திருந்தார் என் கணவர். மரத்தை வெட்டச் சொல்லி அண்ணனிடம் மூன்று முறை கேட்டேன். “கொஞ்சம் பொறும்மா, கொழாய நான் தோண்டிப் பாக்கறேன். அதுவும் உசுருதானே?” என்றார்.

“அப்ப இவரு உசுரு இல்லியா?” என்று கத்தினேன். அன்று மாலை அவர் வீட்டுக் கிண்ணத்தைக் கழுவி, வெறுமையாக அவர் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

இனி கொடுக்கல் வாங்கலே இல்லை என்று அதற்கு அர்த்தம்; நமக்குத் தெரியும். மறுநாள் அண்ணனே ரம்பம் எடுத்து மரத்தை அறுத்தார். கிளையெல்லாம் காய். அத்திப்பால் பட்டு முழங்கை வரை கொப்புளம். எண்ணெய் தடவு அண்ணே என்று வாய் வரை வந்தது. பாழாய்ப்போன ரோஷம்!

நான் கேட்டதில் தப்பில்லை. குழாயைத் தோண்டியவர்கள் கை கனத்துக்கு வேர் எடுத்தார்கள். என் கணவரின் கால் பிழைத்தது. அதற்கப்புறம் அண்ணனிடம் பேசாமல் இருந்ததுதான் தப்பு.

காரியம் முடிந்த அன்று மகள் சொன்னாள்: “அடிமரம் தளுத்துகினே இருந்துச்சு அத்தே. உங்க வூட்டாண்ட மறுபடி தண்ணி ஏறக்கூடாதுன்னு நைனா வாராவாரம் வெட்டிகினு இருந்தாரு.”

இனி அந்த வேலை என்னுடையது. அவர் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். நேற்று தளிர்களை வெட்டும்போது, “அண்ணே, மன்னிச்சுடு” என்று வாய்விட்டே சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு நாலு மாதம் இருந்தது.