கழிவு மூட்டைக்கு ஒரு பொட்டு

படப்பையிலிருந்து என் மகள் போன் செய்து, "ஸ்டெல்லாம்மா பூட்டாங்கப்பா" என்று அழுதாள். நான் செத்தால் இப்படி அழுவாளா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஸ்டெல்லாவோடு வேலை பார்த்த நண்பர்களே, உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த அம்மாள் மேல் எனக்கு அன்றும் பொறாமை, இன்றும் பொறாமை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எங்கள் டி.வி. கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், நான் லைன் சூப்பர்வைசர். பழுதான சர்க்யூட் போர்டுகளைக் காயலான் கடைக்காரர் வாங்கிப்போய், வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொளுத்திச் செம்பு எடுப்பார். புகை வந்தால் போதும், சின்னப் பிள்ளையாக இருந்த என் மகளுக்கு மூச்சு இழுக்கும். மேனேஜரிடம் பலமுறை போய் நின்றேன். "கேட்டைத் தாண்டிட்டா அது நம்ம பொருள் இல்லைய்யா" என்பார். ஸ்டெல்லாவிடம் ஒரே ஒருமுறைதான் புலம்பினேன்.

தொண்ணூற்றொன்றில் ஆயுதபூஜை வந்தது. பூஜைக்கு முன்பே கழிவை வெளியேற்றுவது வழக்கம். அந்த வருஷம் லாரி வரவில்லை. மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்ததும், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஸ்டெல்லா குங்குமத் தட்டை வாங்கிக்கொண்டு போய்க் கழிவு மூட்டைகளுக்கும் பொட்டு வைத்தார். மேனேஜர் முறைத்தார்.

"இதுவும் நம்ம கையால செஞ்சதுதானே சார்" என்றார் ஸ்டெல்லா.

பூஜை முடிந்து லாரியோடு வந்த காயலான் கடைக்காரர் மூட்டைகளைத் தொடவே இல்லை. "பூஜ போட்டத கொளுத்த சொல்றியா? எனக்கும் புள்ளகுட்டி கீது" என்று திரும்பிப் போனார். மேனேஜரும் சாமிக்குப் பயந்தவர். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை பூஜைதோறும் புது மூட்டைகளுக்கும் பொட்டு விழுந்தது. இடம் நிரம்பி வழிந்த பிறகு, கொளுத்தாமல் உலோகம் பிரிக்கிற ஆலை ஒன்றை நிர்வாகம் தேடிப் பிடித்தது. சுற்றுச்சூழலைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று வாசலில் பலகையும் மாட்டிக்கொண்டது.

தினமும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்கிற எனக்கு இது ஏன் தோன்றாமல் போனது? புகை நின்றதும் என் மகள், எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. ஸ்டெல்லாவோ, "பொண்ணு நல்லா கீறாளா சார்?" என்று பார்க்கும்போதெல்லாம் என்னிடமே கேட்பார்.

ஸ்டெல்லாவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய மகள், அழுத களைப்பில் என் வீட்டுக் கூடத்திலேயே தூங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இழுப்பே இல்லாத மூச்சு. ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான். அதை என் பிள்ளைக்கு நான் கொடுத்திருக்க வேண்டும்.